கொழுத்த மாட்டுக்குள்ளே ஒரு தூக்கநோய்

சந்தையில மாடு பிடிக்கும்போது என்னவெல்லாம் பார்ப்பீங்கன்னு நகரத்து நண்பர்கள் அடிக்கடி கேட்பாங்க. பல்லைப் பிடிச்சு வயசு பார்ப்போம். சுழி பார்ப்போம். நாலு எட்டு நடக்க விட்டுக் காலைப் பார்ப்போம். மடி, கண்ணு, மூக்கு ஈரம், சாணம், அசை போடுதா இல்லையா, எல்லாம் பார்ப்போம். ஆனா ரத்தத்துக்குள்ள என்ன ஓடுதுன்னு வாங்குறவனுக்கும் தெரியாது, விற்கிறவனுக்கும் தெரியாது, துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சு விலை பேசுற தரகருக்கும் தெரியாது.

ஆப்பிரிக்காவுல உகாண்டா நாட்டுல, அப்படி ஒரு சந்தை வழியா ஒரு மாவட்டத்துக்கே ஒரு கொடிய நோய் போய்ச் சேர்ந்துச்சு. கொண்டுபோனது நோஞ்சான் மாடு இல்லை. பார்க்க நல்லா இருந்த மாடுங்க. அது 1998ல. அந்த நோய் மாட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்குன்னு கண்டுபிடிக்கவே பல பத்து வருசம் ஆச்சு. மாடு வளர்க்கிறவன் என்ற முறையில இந்தக் கதை என்னை ரொம்ப நாளா உறுத்திக்கிட்டே இருக்கு. அதை எழுதிடலாம்னு உட்கார்ந்துட்டேன்.

நோயோட பேரு தூக்கநோய். டிரிப்பனோசோமா என்கிற கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி ரத்தத்துல நீந்தும். செட்சி ஈ கடிச்சா உள்ள வரும். முதல்ல காய்ச்சல், தலைவலி, மூட்டுவலி. அப்புறம் மூளைக்குப் போகும். பகல்ல தூங்கி விழுவாங்க, ராத்திரி முழிச்சிருப்பாங்க, புத்தி தடுமாறும். மருந்து கொடுக்கலைன்னா கிட்டத்தட்ட சாவுதான். இதுல ரெண்டு வகை. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவுல இருக்கிறது பெரும்பாலும் மனுசன்ல இருந்து மனுசனுக்கு ஈ மூலமா போகும், ஆளை மெதுவாக் கொல்லும். கிழக்கு, தெற்குப் பக்கம் இருக்கிறது மாசக்கணக்குலயே ஆளை முடிச்சிடும். இந்தக் கிழக்கு வகைக்கு உண்மையான வீடு விலங்குகள்தான். மனுசன் தப்பிப் போய் மாட்டிக்கிறவன்.

இப்படி நோயை உள்ள வச்சிருக்கிற விலங்குகளுக்கு ஆங்கிலத்துல நீர்த்தேக்கத்துக்கு வைக்கிற பேரையே வச்சிருக்காங்க. விவசாயிக்குப் புரியிற பேருதான். ஏரி நிறைஞ்சு நிக்குது, மதகைத் திறந்தா வாய்க்கால்ல ஓடுது, கடைமடை வயல்ல போய்ப் பாயுது. இங்கே விலங்கு ஏரி, ஈ வாய்க்கால், மனுசன் கடைமடை. கடைமடையில நின்னுக்கிட்டு எவ்வளவு தண்ணியை இறைச்சாலும் ஏரி நிறைஞ்சிருக்கிற வரைக்கும் வந்துக்கிட்டேதான் இருக்கும்.

கதை தொடங்கினது இந்த மண்ணுலதான்

இந்தக் குடும்பத்து ஒட்டுண்ணி பெரிய விலங்குகளைக் கொல்லும்னு முதல்ல கண்டுபிடிச்சது ஆப்பிரிக்காவுல இல்லை. அன்னைக்கு பிரிட்டிஷ் இந்தியாவுல இருந்த பஞ்சாப்ல, தேரா இஸ்மாயில் கான் என்ற ஊர்ல. இப்போ அது பாகிஸ்தான்ல இருக்கு. அங்கே ராணுவக் குதிரைகளும் ஒட்டகங்களும் 'சுர்ரா' என்ற நோயில மெலிஞ்சு மெலிஞ்சு செத்துக்கிட்டிருந்துச்சு. 1880ல கிரிஃபித் இவான்ஸ் என்கிற ராணுவக் கால்நடை மருத்துவர் நோயாளிக் குதிரையோட ரத்தத்தை நுண்ணோக்கியில வச்சுப் பார்த்தார். புழு மாதிரி நெளிஞ்சு ஓடுற ஒண்ணைக் கண்டார். அந்த ரத்தத்தை நல்ல விலங்குக்கு ஏத்தினா அதுக்கும் நோய் வந்துச்சு.

மேலதிகாரிகள் நம்பலை. காரணம் சுவாரசியமானது. அதுக்கு ரெண்டு வருசம் முன்னாடி டிமதி லூயிஸ் என்கிற மருத்துவர் இதே மாதிரி ஒட்டுண்ணியை எலிகளோட ரத்தத்துல பார்த்திருந்தார். அந்த எலிகள் ஆரோக்கியமா ஓடியாடிக்கிட்டு இருந்துச்சு. எலிக்கு ஒண்ணும் செய்யாதது குதிரையை எப்படிக் கொல்லும்னு வாதம். ஒரு விலங்குக்குள்ள சும்மா இருக்கிற ஒட்டுண்ணி இன்னொரு உயிருக்குள்ள எமனாக முடியும்னு அன்னைக்கு ஒத்துக்க ஆள் இல்லை. இவான்ஸ் நூறு வயசு வரைக்கும், 1935 வரைக்கும் வாழ்ந்தார். தன் பேரையே அந்த ஒட்டுண்ணிக்கு வச்சதைப் பார்த்துட்டுத்தான் போனார்.

சுர்ரா இன்னைக்கும் நம்ம நாட்டுல மாடு, எருமை, குதிரை, ஒட்டகத்துக்கு வர்ற நோய்தான். இங்கே செட்சி ஈ கிடையாது. மாட்டு மேல உட்கார்ந்து ரத்தம் வர்ற மாதிரி கடிக்குமே பெரிய ஈ, அதுதான் ஒரு மாட்டு ரத்தத்தை வாயில ஒட்டிக்கிட்டு அடுத்த மாட்டுக்குக் கொண்டுபோகுது.

ரெண்டு பேர் சொன்னதும் சரி

1894ல டேவிட் புரூஸ் என்கிற ராணுவ மருத்துவர் தென்னாப்பிரிக்காவுல ஜூலு மக்கள் வாழ்ற உபோம்போ மலைக்குப் போனார். கூடவே மனைவி மேரியும். அங்கே மாடுகளை 'நகானா' என்ற நோய் கொன்னுக்கிட்டிருந்துச்சு. சோர்ந்து போறதுன்னு அர்த்தம் வர்ற ஜூலுச் சொல் அது. குச்சியும் மண்ணும் வச்சுக் கட்டின குடிசைதான் வீடு, அதுதான் ஆய்வுக்கூடம். மேரி கூடவே நின்னு ஆய்வுல பாதி வேலையைச் செஞ்சவர்.

மாட்டு ரத்தத்துல இவான்ஸ் பார்த்ததோட பங்காளி மாதிரி ஒரு ஒட்டுண்ணி இருந்துச்சு. அது எங்கிருந்து வருது என்பதுதான் கேள்வி. வெள்ளைக்கார வேட்டைக்காரங்க, செட்சி ஈ கடிச்சுத்தான் வருதுன்னு சொன்னாங்க. ஜூலு மக்கள், காட்டு விலங்குகள் இருக்கிற இடத்துல மேய்ச்சாத்தான் வருதுன்னு சொன்னாங்க. புரூஸ் நோயில்லாத மாடுகளையும் குதிரைகளையும் மலையிலிருந்து ஈ இருக்கிற தாழ்வாரத்துக்கு ஓட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து பார்த்தார். கீழே பிடிச்ச ஈயை மேலே கொண்டுவந்து கடிக்க விட்டுப் பார்த்தார். ஈதான் கடத்துதுன்னு உறுதியாச்சு. அப்புறம் காட்டெருமை, வில்டபீஸ்ட், குடு மான், புதர்மான், கழுதைப்புலி எல்லாத்தோட ரத்தத்தையும் எடுத்து நாய்களுக்கு ஏத்தினார். நாய்களுக்கு நகானா வந்துச்சு. ரத்தம் கொடுத்த காட்டு விலங்குகளுக்கு ஒண்ணுமே இல்லை.

ஆக, ஜூலு மேய்ப்பர்கள் சொன்னதும் சரி, வேட்டைக்காரங்க சொன்னதும் சரி. ஒருத்தர் ஏரியைப் பார்த்திருந்தார், இன்னொருத்தர் வாய்க்காலைப் பார்த்திருந்தார். தலைமுறை தலைமுறையா அங்கே மாடு மேய்ச்சவங்க சும்மா சொல்லமாட்டாங்க என்பதை நான் அடிக்கோடு போட்டு வச்சிருக்கேன்.

ஆட்களை நகர்த்தினாங்க

1901ல உகாண்டாவுல கம்பாலாவுக்குப் பக்கத்துல இருந்த மெங்கோ மிஷன் மருத்துவமனைக்குத் தூக்கநோயாளிகள் வர ஆரம்பிச்சாங்க. அடுத்த சில வருசத்துல விக்டோரியா ஏரிக்கரையிலும் தீவுகளிலும் செத்தவங்க ரெண்டு லட்சத்துக்கு மேலன்னு கணக்கு சொல்றாங்க. மீன் பிடிக்கிற ஊர்கள் அப்படியே காலியாச்சு. 1903ல புரூஸும் அங்கே போய்ச் சேர்ந்தார். இத்தாலிய மருத்துவர் கஸ்டெல்லானி நோயாளிகளோட தண்டுவட நீர்ல ஒட்டுண்ணியைப் பார்த்திருந்தார். இந்த நோயையும் பரப்புறது செட்சி ஈதான்னு தெளிவாச்சு.

அப்போ ஆளுநரா இருந்த ஹெஸ்கெத் பெல் ஒரு முடிவு எடுத்தார். ஈயை ஒழிக்க முடியாது, ஆட்களை நகர்த்திடலாம். ஏரிக்கரையில ரெண்டு மைல் அகலத்துக்கு ஊர்களைக் காலி பண்ணினாங்க. பிறகு தீவுகளையும் காலி பண்ணினாங்க. வீடு, வாழைத்தோப்பு, படகு எல்லாத்தையும் விட்டுட்டு ஜனங்க உள்நாட்டுக்குப் போனாங்க. சாவு குறைஞ்சது உண்மை.

கணக்கு என்னன்னா, நோயாளி இல்லைன்னா ஈக்குக் கிருமி கிடைக்காது, கொஞ்ச நாள்ல ஈயும் சுத்தமாயிடும், ஜனங்க திரும்பலாம் என்பது. வருசக்கணக்கா காத்திருந்து தீவுகள்ல ஈயைப் பிடிச்சுச் சோதிச்சாங்க. ஈ அப்பவும் கிருமியோடதான் இருந்துச்சு. மனுசன் ஒருத்தன்கூட இல்லாத தீவுல அதுக்கு எங்கிருந்து கிடைச்சுது? சதுப்புல கழுத்தளவு தண்ணியில நின்னு புல் மேயுற சிட்டதுங்கா என்கிற மான்கள் அங்கே நிறைய இருந்துச்சு. அதோட ரத்தத்துல இருந்துச்சு.

1910ல ரொடீசியாவுல லுவாங்வா பள்ளத்தாக்குல இருந்து வந்த நோயாளி ஒருத்தரோட ரத்தத்தை லிவர்பூல்ல பரிசோதிச்சு, கிழக்கு வகையைத் தனியா அடையாளம் கண்டாங்க. ரெண்டே வருசத்துல கிங்ஹார்ன், யார்க் என்ற ரெண்டு பேர், அந்தப் பள்ளத்தாக்குக் காட்டு விலங்குகள்தான் அதோட இருப்பிடம்னு சொல்லிட்டாங்க. அடுத்து என்ன நடக்கும்னு நீங்களே ஊகிச்சிருப்பீங்க.

துப்பாக்கி எடுத்தாங்க

காட்டு விலங்குகளைச் சுட்டுத் தீர்த்தா நோய் தீரும் என்ற யோசனைக்குப் பின்னாடி இன்னொரு பேரழிவு இருக்கு. நம்ம பெரியவங்க வெக்கை நோய்னு சொல்வாங்களே, அந்த மாட்டுக் கொள்ளைநோய் 1887 வாக்குல செங்கடல் ஓரமா எரித்ரியாவுல இறங்கிச்சு. இந்தியாவிலிருந்து கப்பல்ல இறக்கின மாடுகளோட வந்ததுன்னு பரவலா எழுதியிருக்காங்க. பத்து வருசத்துல தென்முனை வரைக்கும் போச்சு. போன வழியெல்லாம் மாடுகள் பத்துல எட்டு, ஒன்பது செத்துச்சு. காட்டெருமையும் மானும்கூட மிஞ்சலை. குடிக்க ரத்தம் இல்லாம பல இடங்கள்ல செட்சி ஈயும் காணாமப் போச்சு. அப்புறம் மேய ஆளில்லாத நிலத்துல புதர் மண்டிச்சு. மான்கள் திரும்பி வந்துச்சு, ஈயும் கூடவே வந்துச்சு. மாடு போனதால ஜனங்களும் சிதறிப் போயிருந்தாங்க. ஜான் ஃபோர்ட் என்கிற ஆய்வாளர் 1971ல எழுதின பெரிய புத்தகத்துல இதை விவரமாச் சொல்றார். மேய்ச்சலும் குடியிருப்பும் காட்டை ஒரு அளவோட நிறுத்தி வச்சிருந்துச்சு, அந்தச் சமநிலை குலைஞ்சதுதான் பின்னால வந்த நோய்களுக்கு வழிவிட்டுச்சு என்பது அவரோட வாதம்.

ஆனா அதிகாரிகள் எடுத்துக்கிட்ட பாடம் வேற. வெக்கை செஞ்சதைத் துப்பாக்கியால செய்யலாம். தெற்கு ரொடீசியாவுல, அதாவது இன்னைய ஜிம்பாப்வேல, நாப்பது வருசத்துக்குள்ள ஐந்து லட்சத்துக்கு மேல காட்டு விலங்குகளைச் சுட்டாங்க. புரூஸ் ஆய்வு பண்ணின ஜூலு நாட்டுலயும் காப்புக்காட்டுக்குள்ள புகுந்து ஆயிரக்கணக்குல சுட்டாங்க. காண்டாமிருகத்தை மட்டும் விட்டாங்க.

சில இடத்துல ஈ பின்வாங்கிச்சு. அதை மறுக்கக் கூடாது. ஜூலு நாட்டுல மட்டும் ஒண்ணும் நடக்கலை. 1940கள்ல விமானத்திலிருந்து டிடிடி தெளிச்ச பிறகுதான் அங்கே ஈ ஒழிஞ்சுது. 1950கள்ல பெர்னார்ட் வைட்ஸ் என்பவர் செட்சி ஈயோட வயித்துல இருக்கிற ரத்தம் எந்த விலங்கோடதுன்னு பரிசோதிக்க ஆரம்பிச்சார். பெரும்பாலும் காட்டுப்பன்றி இனங்கள், புதர்மான் மாதிரி சில விலங்குகளோட ரத்தம்தான். துப்பாக்கிக்குச் சுலபமா மாட்டின வரிக்குதிரை, வில்டபீஸ்ட், இம்பாலா மானை ஈ கிட்டத்தட்டத் தொடறதே இல்லை. பொந்துல படுக்கிற பன்றியும் புதர்ல பதுங்குற மானும் துப்பாக்கிக்குக் கடைசியில மாட்டுறதுங்க. செத்ததுல நிறைய இந்தக் கதையிலேயே இல்லாத விலங்குகள்.

கடைசியில தொழுவத்துக்கு வந்தாங்க

ஏன் இவ்வளவு தாமதம்னு கேட்கலாம். மாட்டை மட்டும் பிடிக்கிற ஒட்டுண்ணியும் மனுசனைப் பிடிக்கிற ஒட்டுண்ணியும் நுண்ணோக்கியில ஒரே மாதிரி இருக்கும். நம்ம ரத்தத்துல ஒரு காப்பு இருக்கு. மாட்டோட ஒட்டுண்ணி உள்ள வந்தா அந்தக் காப்பே கொன்னுடும். மனுசனைப் பிடிக்கிற வகைக்கு அதை மீறுற ஒரு மரபணு இருக்கு. அந்த மரபணு 1998லதான் தெரிய வந்துச்சு. ஆரம்பத்துல எது எதுன்னு உறுதியாக் கண்டுபிடிக்க இருந்த வழி, மனுசனுக்கே ஏத்திப் பார்க்கிறது. 1958ல கென்யாவுல ஒரு புதர்மானோட ஒட்டுண்ணியை அப்படித்தான் உறுதிப்படுத்தினாங்க. தானா முன்வந்த ஒரு ஆள் மேல ஏத்தினாங்க, நோய் வந்துச்சு. 1966ல அதே விக்டோரியா ஏரிப் பக்கம் அலேகோ என்ற இடத்துல வீட்டு மாடுகள்ல இருந்து எடுத்ததும் மனுசனைப் பிடிக்கிற வகைதான்னு எழுதினாங்க.

பல பத்து வருசமா காட்டைப் பார்த்துச் சுட்டுக்கிட்டிருந்தாங்க. ஏரி வீட்டு வாசல்ல கட்டிக் கிடந்துச்சு. அந்தப் பக்கத்து நாட்டு மாடுகளுக்கு இந்த ஒட்டுண்ணியால பெரிசா ஒண்ணும் ஆகாது. மேயும், கன்னு போடும், ஏர் இழுக்கும். அதனால யாரும் சந்தேகப்படவும் இல்லை, மருந்து போடவும் இல்லை.

இப்போ முதல்ல சொன்ன சந்தைக்கு வர்றேன். கிழக்கு உகாண்டாவுல சொரோட்டி என்ற மாவட்டம். 1980கள்ல உள்நாட்டுச் சண்டையிலயும் மாட்டுக் கொள்ளையிலயும் அந்தப் பகுதி ஜனங்க மந்தைகளை அடியோட இழந்துட்டாங்க. ஊர் அமைதியான பிறகு திரும்ப மாடு வாங்க ஆரம்பிச்சாங்க. நல்ல காரியம்தானே? ஏர் ஓட்ட, பால் குடிக்க, பொண்ணு கட்ட, எல்லாத்துக்கும் மாடு வேணும். அந்த மாடுகள்ல நிறைய, தூக்கநோய் நிலைச்சிருந்த தெற்கு மாவட்டங்கள்ல இருந்து வந்துச்சு. சொரோட்டியில செட்சி ஈ முன்னமே இருந்துச்சு, கிருமி மட்டும்தான் இல்லை. 1998 டிசம்பர்ல முதல் நோயாளிகள். 2001ல ஆய்வாளர்கள் வரைபடத்துல புள்ளி வச்சுப் பார்த்தாங்க. புள்ளிகள் புரூக்ஸ் கார்னர் என்கிற மாட்டுச்சந்தையைச் சுத்தி நெருக்கமா இருந்துச்சு. அதே வருசம் இன்னொரு ஆய்வு, புதுசா கண்டுபிடிச்ச மரபணுவை வச்சு அங்கத்து மாடுகளைச் சோதிச்சது. நூத்துக்கு 18 மாட்டுல மனுசனைப் பிடிக்கிற வகை இருந்துச்சு.

நோய்ப் பகுதி மாட்டை விற்கிறதுக்கு முன்னாடி ஊசி போடணும்னு உகாண்டாவுல விதி இருந்துச்சு. நடக்கலை. ஏன் நடக்கலைன்னு எனக்கு யாரும் விளக்க வேண்டாம். நல்லா இருக்கிற மாட்டுக்கு ஊசிக்காசு போடுன்னா எந்த வியாபாரி போடுவான்? வாங்குறவன் அதுக்காகக் கூட ஒரு ரூபா தரமாட்டான். ஊசியால பலன் மாட்டுக்காரனுக்கு இல்லை, மூணு ஊர் தள்ளி இருக்கிற யாரோ ஒரு குழந்தைக்கு.

2006ல அங்கே ஆரம்பிச்ச வேலையைத்தான் நான் இந்தக் கதையோட நல்ல பக்கமாப் பார்க்கிறேன். மாட்டைக் கொல்லலை, ஊரைக் காலி பண்ணலை. கம்பாலாவுல இருக்கிற மகெரெரே பல்கலைக்கழகத்துக் கால்நடை மருத்துவ மாணவர்கள் ஊர் ஊராப் போய், முதல் கட்டத்துல ரெண்டு லட்சத்துக்கு மேல மாடுகளுக்கு ஊசி போட்டு ரத்தத்தைச் சுத்தம் பண்ணினாங்க. திரும்பத் தொத்தாம இருக்க ஈ மருந்து தெளிச்சாங்க. செட்சி ஈ பெரும்பாலும் மாட்டோட கால்லயும் அடிவயித்துலயும்தான் கடிக்கும். அதனால உடம்பு முழுக்கத் தெளிக்க வேண்டாம், காலும் வயிறும் காதும் போதும். செலவு பாதிக்கு மேல குறையுது. சாணியில மருந்து கலந்து சாணி வண்டு சாகிறதும் குறையுது. முக்கியமா, அதே மருந்து உண்ணியையும் கொல்லும். உண்ணி போனா மாடு தேறும், பால் கூடும். மாட்டுக்காரன் தன் லாபத்துக்காகத் தெளிக்கிறான், ஊருக்குத் தூக்கநோய் தடுக்குது. விதியால முடியாததை உண்ணி முடிச்சுக் கொடுத்துச்சு.

ஆப்பிரிக்கா முழுக்கத் தூக்கநோயாளிகள் 2018ல இருந்து வருசத்துக்கு ஆயிரத்துக்கும் கீழே வந்துட்டாங்க. இந்தக் குறைவுக்குப் பெரும் காரணம் மேற்கு வகையில நோயாளிகளைத் தேடிப்பிடிச்சு மருந்து கொடுத்தது. கிழக்கு வகையை அப்படி முடிக்க முடியாது, மாடும் மானும் இருக்கிற வரைக்கும் அதுவும் இருக்கும்.

இது தூரத்து ஊர் சமாச்சாரம்னு நினைச்சா இன்னொரு தகவல். 2004ல மகாராஷ்டிரத்துல சந்திரப்பூர் மாவட்டத்துல சியோனி கிராமத்து விவசாயி ஒருத்தருக்கு விட்டு விட்டுக் காய்ச்சல். ரத்தத்துல இருந்தது இவான்ஸ் பேர் வச்ச அதே சுர்ரா ஒட்டுண்ணி. மனுசனுக்கு வராதுன்னு நினைச்சிருந்த ஒண்ணு. பார்த்தா, அவர் ரத்தத்துல நம்ம எல்லாருக்கும் இருக்கிற அந்தக் காப்பு பிறவியிலேயே வேலை செய்யலை. மருந்து கொடுத்துக் குணமாக்கினாங்க. சுத்துப்பட்டுல 1,806 பேரைச் சோதிச்சாங்க, வேற யார் ரத்தத்துலயும் ஒட்டுண்ணி இல்லை. பயப்பட ஒண்ணும் இல்லை. ஆனா தினமும் மாட்டோட புழங்குற நமக்கும் அந்த நோய்க்கும் நடுவுல எவ்வளவு மெல்லிசான சுவர் இருக்குன்னு தெரியுது.

நகரத்துல இருந்து படிக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். ஏதாவது ஒரு நோய் விலங்குல இருந்து வருதுன்னு செய்தி வந்த உடனே, அந்த விலங்கை என்ன பண்றதுன்னு பேச்சு ஆரம்பிச்சிடும். உகாண்டாவோட நூறு வருச அனுபவத்துல பலன் கொடுத்தது, விலங்குக்கும் சேர்த்து வைத்தியம் பார்த்ததுதான். அந்த வைத்தியத்துக்கான காசை நோஞ்சான் மாடு வச்சிருக்கிறவன் தானே கொடுத்துடுவான், அவனுக்கு வேற வழியில்லை. நல்லா இருக்கிற மாட்டுக்குப் போடுற ஊசிக்கு மாட்டுக்காரன் மட்டும் காசு கொடுக்கணும்னு எதிர்பார்த்தா அது நடக்காது. அந்த ஊசியில பாதி உங்களுக்காகப் போடுறது.